டாஃப்னி டு மாரியே எழுதிய வாழ்க்கை வரலாறுகள்: இரண்டு மட்டும் வாங்குவதென்றால் எவை?

அண்ணன் மகள் போன வாரம் வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். “சித்தப்பா, ரெபெக்கா முடிச்சிட்டேன். அந்தம்மா நாவல் மட்டுமில்லாம நிஜ மனுஷங்களைப் பத்தியும் எழுதியிருக்காங்களாமே, அதுல எது நல்லா இருக்கும்? ரெண்டு புக்குக்குத்தான் காசு இருக்கு.”

ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். முடியவில்லை. யாரையும் கேட்காமல் இதே எழுத்தாளரின் வாழ்க்கை வரலாறு ஒன்றை வாங்கி, தப்பான இடத்தில் ஆரம்பித்து, அறுபது பக்கத்தோடு அலமாரியில் செருகிவிட்டு, அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தவன் நான். எந்தப் புத்தகம் என்று கடைசியில் சொல்கிறேன். அவளுக்கும் அது நடக்க வேண்டாமே என்றுதான் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

டாஃப்னி டு மாரியே (1907–1989) என்றதும் எல்லாருக்கும் ரெபெக்காதான் ஞாபகம் வரும். சினிமா பார்க்கிறவர்களுக்கு, ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்துக்கு மூலக்கதையும் அவருடையது என்று தெரிந்திருக்கும். ஆனால் ஐந்து வாழ்க்கை வரலாறுகளும் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு சொந்தக் குடும்பம்: அப்பாவைப் பற்றி ‘ஜெரால்ட்’ (1934), அப்பாவுக்கு முந்தைய தலைமுறைகளைப் பற்றி ‘தி டு மாரியேஸ்’ (1937). பிறகு இருபது வருஷத்துக்கும் மேலே இந்த வகையில் ஒன்றும் இல்லை. 1960இல், ஆங்கில நாவலாசிரியைகளான பிராண்ட்டி சகோதரிகளின் (ஷார்லட், எமிலி, ஆன்) ஒரே சகோதரனைப் பற்றி ‘தி இன்ஃபெர்னல் வேர்ல்ட் ஆஃப் பிரான்வெல் பிராண்ட்டி’. கடைசியாக வயதான காலத்தில் பேக்கன் சகோதரர்களைப் பற்றி இரண்டு: ‘கோல்டன் லேட்ஸ்’ (1975), ‘தி வைண்டிங் ஸ்டேர்’ (1976). இவை போக, குடும்பத்து முன்னோர்களை வைத்தே நாவல் என்ற பெயரில் ‘மேரி ஆன்’ (1954), ‘தி கிளாஸ்-ப்ளோயர்ஸ்’ (1963) என்று இரண்டு. இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒப்பிட முடியாது, அதற்கான காரணம் பின்னால் வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அம்மாவுக்கு வேஷம் போடுகிற மனிதர்களைத்தான் புரியும். மேடையில் போட்டாலும் சரி, மனசுக்குள் போட்டாலும் சரி, ஊரை ஏமாற்றப் போட்டாலும் சரி, அப்படி ஒரு ஆள் கையில் கிடைத்தால் புத்தகம் எழுந்து நடக்கும், கிடைக்காவிட்டால் படுத்துவிடும். அவரே சின்ன வயதில் எரிக் ஏவன் என்று ஒரு பையனைக் கற்பனை செய்துகொண்டு, அந்தப் பையனாகவே பல காலம் தன்னை நினைத்துக்கொண்டு இருந்தவர், இதைத் தன்னுடைய இளமைக்கால நினைவுக் குறிப்பில் எழுதியும் இருக்கிறார். வீட்டுக்குள் ‘கோண்டல்’ என்று ஒரு குழூஉக்குறி வேறு, கற்பனையில் கதை கட்டுவதற்குப் பெயர் அது. எமிலி பிராண்ட்டியும் ஆனும் சின்ன வயதில் உருவாக்கிய கற்பனை நாட்டின் பெயரைத்தான் அப்படி வினைச்சொல் ஆக்கிக்கொண்டார்.

சரி, அப்பாவிலிருந்து வருவோம்.

ஜெரால்ட் டு மாரியே லண்டன் நாடக மேடையில் பெரிய கை. 1904 டிசம்பரில் பீட்டர் பேன் முதன்முதலாக மேடையேறியபோது கேப்டன் ஹூக்காக வந்தவர் அவர், அதே நாடகத்தில் பிள்ளைகளின் அப்பா மிஸ்டர் டார்லிங்கும் அவரே. அந்தக் கதைக்குத் தூண்டுகோலாக இருந்த ஐந்து பையன்களும் அவருடைய அக்கா சில்வியாவின் பிள்ளைகள்தான், அதாவது டாஃப்னிக்கு அத்தை பையன்கள். விண்டம்ஸ் தியேட்டரைப் பதினைந்து வருஷம் நடத்தினார், 1922இல் சர் பட்டம் வாங்கினார், 1934 ஏப்ரலில் 61 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் முடிவதற்குள் மகள் எழுதிய புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. மகளுக்கு வயது 27.

அப்பா காலமான கையோடு பிள்ளை எழுதும் புத்தகம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வழவழ தாளில் போட்ட நினைவு மலர். முதல் பக்கத்தில் மாலை போட்ட படம், இரண்டாம் பக்கத்தில் யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்த்து, உள்ளே போனால் அன்னார் கோபப்பட்டதே இல்லை, அன்னாருக்கு எதிரியே இல்லை. இந்தப் புத்தகம் அதற்கு நேர் எதிர். முதல் வேலையாக ‘அப்பா’ என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிடுகிறார். புத்தகம் முழுக்க அவர் ஜெரால்ட்தான். அம்மா ‘மோ’, அப்பா அம்மாவைக் கூப்பிடுகிற செல்லப் பெயர் அது. எழுதுகிறவரே நடுவில் டாஃப்னி என்று ஒரு பெண்ணாக, வேறு யாரோ மாதிரி வந்து போகிறார். நாவலாசிரியரின் தந்திரம்தான், ஆனால் அந்த ஒரு தந்திரத்தால் மகளின் பாசம் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. கைதட்டல் ஓய்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற மனிதர், தனியாக இருக்கப் பயப்படுகிறவர், எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், மூன்றும் பெண்ணாகப் போயிற்றே என்ற ஏக்கம் உள்ளவர். எல்லாம் வருகிறது.

ஜெரால்டின் நடிப்பின் பெருமையே நடிக்காத மாதிரி இருப்பதுதான். மேடையில் சும்மா நின்று ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார், அதற்கே கூட்டம். வீட்டில் அப்படியே தலைகீழ், எந்நேரமும் நடிப்பு. இதை மகள் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார். அந்தச் சிகரெட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சம்பாதித்ததையெல்லாம் செலவு செய்துவிட்டு வருமான வரிக்கென்று எதையும் எடுத்து வைக்காததால், கடைசிக் காலத்தில் வரிக்கடன் கழுத்தை நெரிக்க, தன் பெயரையே ஒரு சிகரெட் கம்பெனிக்குக் கொடுத்தார். நாடகங்கள் எல்லாம் மறந்துபோயின, டு மாரியே சிகரெட் கனடாவில் பல காலம் ஓடியது. மகள் உலகப் புகழ் அடைந்த பிறகும் அந்த நாட்டில் பெட்டிக்கடை வாசலில் அந்தப் பெயரைச் சொன்னால் சிகரெட்தான் கையில் வந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஆதாரம் என்று எதையும் காட்டுவதில்லை, தேதிகள் குறைவு, அந்தக் காலத்து லண்டன் நாடகப் பெயர்கள் சரம் சரமாக வரும்போது நமக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட பக்கங்களைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம், கதை அறுந்துவிடாது.

அடுத்தது ‘தி டு மாரியேஸ்’. ஐந்தில் இதுதான் மளமளவென்று போகும். ஏனென்றால் இது முக்கால்வாசி நாவல். எகிப்தில் அலெக்ஸாந்திரியாவில், ராணுவ அதிகாரியான கணவருக்கு அங்கே வேலை என்பதால் போய் உட்கார்ந்துகொண்டு, வெயிலையும் ஊரையும் திட்டிக்கொண்டு எழுதியது. அங்கே இருக்கும்போதுதான் ரெபெக்காவையும் தொடங்கினார். ஆட்கள் அறைக்குள் வருகிறார்கள், பேசுகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். 1830இல் பாரிஸில் ஒரு வீட்டுக்குள் யார் என்ன பேசினார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியைக் கேட்காமல் படித்தால் செம ஜாலியான புத்தகம்.

டாஃப்னியின் கொள்ளுப்பாட்டிக்கும் அம்மா மேரி ஆன் கிளார்க். அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகன் யார்க் கோமகனின் ஆசைநாயகி. கோமகன் அப்போது ராணுவத்தின் தலைமைத் தளபதி. இந்த அம்மா காசு வாங்கிக்கொண்டு ராணுவத்தில் பதவி வாங்கித் தருகிறார் என்று 1809இல் நாடாளுமன்றமே விசாரித்தது. கூண்டில் ஏறி நின்று, உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொல்லி ஊரையே கலக்கினார். கோமகன் பதவி விலக வேண்டியதாயிற்று. அப்புறம் ‘எல்லாத்தையும் புத்தகமா போட்டுடுவேன்’ என்று மிரட்டி, வருஷா வருஷம் ஒரு தொகைக்கு ஏற்பாடு செய்துகொண்டார். போடாத புத்தகத்துக்கு இவ்வளவு ராயல்டி வாங்கியவர் வேறு யாரும் இருக்கிறார்களா தெரியவில்லை. அவருடைய மகள் எல்லன் கல்யாணம் செய்துகொண்டது லூயி-மத்துரான் புஸ்ஸோன் டு மாரியே என்ற பிரெஞ்சுக்காரரை. நல்ல குரல், மண்டை நிறைய கண்டுபிடிப்பு, ஒன்றும் காசாகவில்லை. இவர்கள் மகன்தான் ஜார்ஜ். ஒரு கண்ணை இளமையிலேயே இழந்து, மீதி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பஞ்ச் பத்திரிகையில் முப்பது வருஷம் கேலிச்சித்திரம் போட்டவர், அறுபது வயதில் ‘ட்ரில்பி’ என்ற நாவலை எழுதிப் பெரும் பணம் பார்த்தவர். அடுத்தவர் மனசை வசியம் பண்ணி ஆட்டி வைக்கிறவன் என்ற பொருளில் ஸ்வெங்காலி என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்தது அந்த நாவல்தான். ஆனால் ‘தி டு மாரியேஸ்’ அவ்வளவு தூரம் வராது, ஜார்ஜ் வாலிபனாகித் தலையெடுப்பதோடு நின்றுவிடும்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டுக் கதை, பூட்டன் காலத்தில் கும்பகோணத்துப் பக்கம் இருபது வேலி நிலம், வாசலில் குதிரை வண்டி, நெல் அளக்க இரண்டு கணக்குப்பிள்ளை. என் அண்ணன் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வேலி கூடும். டு மாரியே வீட்டுக் கதை என்னவென்றால், நாங்கள் பிரெஞ்சுப் பிரபு வம்சம், புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்து வந்து சேர்ந்தவர்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள் எல்லாம் எங்களுடையவை என்பது. 1937 புத்தகத்தில் டாஃப்னி இந்தக் குடும்பப் பெருமையைப் பெரிதாகச் சோதிக்காமல் எடுத்துக்கொள்கிறார். பிறகு 1950களில் பிரான்ஸுக்கே போய், சார்த் பகுதியில் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் வேறு கதை. கண்ணாடி உண்மைதான், ஆனால் முதலாளி வம்சம் இல்லை, ஊதுகுழலைப் பிடித்து உலைமுன் நின்ற கைவினைக் குடும்பம். பெயர் வெறும் புஸ்ஸோன். ரொபேர் புஸ்ஸோன் என்றொருவர் கடன் தொல்லை தாங்காமல் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், தான் பிறந்த பண்ணைவீட்டுப் பெயரான மாரியேயைத் தன் பெயருக்குப் பின்னால் தானே ஒட்டிக்கொண்டு பிரபு ஆகிவிட்டார். அந்த வால்தான் நாலு தலைமுறை கழித்து ரெபெக்காவின் அட்டையில் வந்து நிற்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு அவர் எழுதியதுதான் ‘தி கிளாஸ்-ப்ளோயர்ஸ்’. அட்டையில் நாவல் என்று போட்டிருக்கும். ஓடிப்போன ஆளின் தங்கச்சி வயதான காலத்தில் உட்கார்ந்து, பிரபு வம்சம் என்று நம்பிக்கொண்டிருக்கிற அண்ணன் மகனுக்கு உண்மையை எழுதி வைக்கிற மாதிரி அமைப்பு. ஆக, வாழ்க்கை வரலாறு என்று அட்டையில் போட்ட புத்தகம் வீட்டுப் புளுகை நம்பியது, நாவல் என்று போட்டது பதிவேட்டைப் பார்த்து எழுதியது. கடையில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதை நம்பி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடும்பக் கதைதான் வேண்டும் என்றால் என் ஓட்டு ‘தி டு மாரியேஸ்’க்கு இல்லை, ‘தி கிளாஸ்-ப்ளோயர்ஸ்’க்குத்தான். ‘மேரி ஆன்’ நாவலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அந்த அம்மாவின் நாடாளுமன்றக் காட்சி மட்டும் பிரமாதம்.

பிரான்வெல் புத்தகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் சார்பாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் ஓர் ஓவியம் இருக்கிறது. பிராண்ட்டி சகோதரிகள் மூவரும் இருக்கிற, எல்லா அட்டைகளிலும் வருகிற படம். ஆன், எமிலி, நடுவில் மங்கலாக ஒரு தூண், அந்தப் பக்கம் ஷார்லட். 1834 வாக்கில், பதினேழு வயதுப் பையன் பிரான்வெல் வரைந்தது. அயர்லாந்தில் ஒரு வீட்டு அலமாரி மேல் பல வருஷம் மடித்துப் போட்டுக் கிடந்ததால் மடிப்புக் கோடுகள் இன்னும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும், போட்டோவில் பார்த்தாலே தெரியும். அந்தத் தூணை உற்றுப் பார்த்தால் அதற்குள் ஓர் ஆள். முதலில் தன்னையும் வரைந்துவிட்டு, அப்புறம் தன் மேலேயே தூணைப் பூசி மறைத்திருக்கிறான். காலம் போகப் போக மேல் பூச்சு ஊடுருவித் தெரிய ஆரம்பித்து, உள்ளே இருக்கிறவன் இப்போது ஆவி மாதிரி வெளியே எட்டிப் பார்க்கிறான்.

வீட்டில் ஒரே ஆண் பிள்ளை. குடும்பத்தின் நம்பிக்கை மொத்தமும் அவன் தலையில். 1826இல் அப்பா லீட்ஸிலிருந்து வாங்கிவந்த பன்னிரண்டு மரச் சிப்பாய் பொம்மைகளை வைத்துத்தான் எல்லாம் தொடங்குகிறது. அந்த பொம்மைகளுக்குப் பெயர் வைத்து, நாடு கொடுத்து, போர் நடத்தி, பத்திரிகை நடத்தி, பொம்மை படிக்கிற அளவில், தீப்பெட்டி அளவில் புத்தகம் தைத்து, உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில் எழுதித் தள்ளினார்கள் அவனும் ஷார்லட்டும். அங்ரியா என்ற அந்த நாட்டிலிருந்து ஷார்லட் கஷ்டப்பட்டு வெளியே வந்தார். பிரான்வெல் வரவே இல்லை. வளர்ந்த பிறகும் கவிதைக்குக் கீழே நார்தேங்கர்லேண்ட் என்று தன் கதாபாத்திரத்தின் பெயரைத்தான் போட்டான். இதில் ஒரு வேதனை, அக்கா தங்கைகளுக்கு முன்பே அச்சில் கவிதை வந்தது அவனுக்குத்தான், 1841இல், ஹாலிஃபாக்ஸ் கார்டியன் பத்திரிகையில்.

டு மாரியே இந்த வீழ்ச்சியை எழுதுகிற விதம் இருக்கிறதே, ரெபெக்காவில் மாண்டர்லி வீட்டுக்குள் கூட்டிப் போகிற அதே கை. பிராட்ஃபோர்டில் படம் வரையக் கடை போட்டான், நடக்கவில்லை. ஒரு வீட்டில் வாத்தியாராகப் போனான், நீடிக்கவில்லை. ரயில்வே வந்த புதிது, லடன்டன் ஃபுட் என்ற குட்டி ஸ்டேஷனில் குமாஸ்தா வேலை, வருஷத்துக்கு 130 பவுண்ட் சம்பளம். ஒரு நாளைக்கு நாலு ரயில் வந்தால் அதிகம் என்கிற மாதிரி இடத்தில் இந்த மனிதன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு மூலையில் கணக்கு, அடுத்த மூலையில் கவிதை, நடுவில் முகங்கள் என்று கிறுக்கிக்கொண்டிருந்தான். 1842இல் கணக்குப் பார்த்தார்கள். 11 பவுண்ட் 1 ஷில்லிங் 7 பென்ஸ் குறைந்தது. அவன் எடுத்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பார்த்துக்கொள்ளவில்லையே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த 7 பென்ஸைப் படிக்கும்போது எனக்கு வயிறு என்னவோ செய்தது, வங்கியில் கேஷ் டேலி ஆகாமல் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்குப் புரியும்.

அப்புறம் தார்ப் கிரீன் வீடு. தங்கை ஆன் அங்கே ஆசிரியையாக இருந்தார், அவர் சிபாரிசில் 1843இல் இவனும் போகிறான். 1845இல் துரத்திவிடுகிறார்கள். எஜமானி அம்மாளுக்கும் தனக்கும் காதல் என்று கடைசி வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, சாராயமும் அபினுமாகக் கரைந்து, 1848 செப்டம்பரில் 31 வயதில் முடிந்துபோனான். மூன்று மாதத்தில் எமிலி, அடுத்த மே மாதம் ஆன். சகோதரிகள் மூவரும் நாவல் எழுதிப் புத்தகமாக வந்த விஷயமே அவனுக்குத் தெரியாது என்று ஷார்லட் எழுதியிருக்கிறார். ஒரே கூரையின் கீழ்.

பிராண்ட்டி குடும்பத்தைப் பற்றி முதலில் எழுதியவரும் ஒரு நாவலாசிரியர்தான், எலிசபெத் காஸ்கெல். ஷார்லட்டின் தோழி. 1857இல் வந்த அவருடைய புத்தகம் தார்ப் கிரீன் அம்மாளைக் குற்றவாளி ஆக்கியது, வழக்குப் போடுவோம் என்று அந்தத் தரப்பு மிரட்ட, பிரதிகளைத் திரும்பப் பெற்றுத் திருத்திப் போட வேண்டியதாயிற்று. நூறு வருஷம் கழித்து வந்த டு மாரியே அந்தக் காதல் கதையையே சந்தேகிக்கிறார். வேலை போன காரணம் வேறு ஏதோ, இவன் அதன் மேல் ஒரு காதல் காவியத்தைக் கட்டிக்கொண்டான், அங்ரியாவில் பழகிய பழக்கம் என்பது அவர் பக்கம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, காதல் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். எனக்கும் டு மாரியே இந்த இடத்தில் தன் ரெபெக்கா மூளையைக் கொஞ்சம் அதிகமாக ஓட்டிவிட்டாரோ என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவர் யோசிக்கிற வழி இருக்கிறதே, ஒரு பொய்யை ஒருவன் தானே நம்ப ஆரம்பிப்பது எப்படி என்று படிப்படியாக இறங்கிப் போகிறது, அதை வேறு எந்த ஆராய்ச்சியாளரும் எழுதியிருக்க முடியாது. அவர் இதில் இறங்கிய காலத்தில் வீட்டிலும் நிலைமை சரியில்லை, 1957இல் கணவர் மனமுடைந்து படுத்துவிட்டிருந்தார், அங்கேயும் குடி. போதாததற்கு வினிஃப்ரெட் ஜெரின் என்ற பிராண்ட்டி நிபுணரும் அதே பிரான்வெல்லைப் பற்றி எழுதுகிறார் என்று தெரிந்து, முந்திக்கொள்ள ஓடியிருக்கிறார். முந்தியும்விட்டார், ஜெரினின் புத்தகம் 1961இல்தான் வந்தது. அவசரம் சில இடங்களில் தெரியும். அங்ரியா கையெழுத்துப் பிரதிகளிலிருந்து நீள நீளமாக மேற்கோள் போடுகிற பக்கங்கள் சோதிக்கும்.

பேக்கன் புத்தகங்களுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை, ஆனால் ‘கோல்டன் லேட்ஸ்’ ஒரு நியாயத்துக்கு உரியது. எல்லாருக்கும் தெரிந்தது தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன். அவருக்கு ஆண்டனி என்று ஓர் அண்ணன். பன்னிரண்டு வருஷம் போல பிரான்ஸில் இருந்து இங்கிலாந்துக்கு உளவுச் செய்தி அனுப்பியவர், திரும்பி வந்து எசெக்ஸ் பிரபுவுக்காக ஐரோப்பா முழுக்கக் கடிதத் தொடர்பு நடத்தியவர், கீல்வாதத்தால் காலை அசைக்க முடியாமல், எலிசபெத் ராணியை ஒருமுறை கூட நேரில் போய்ப் பார்க்க முடியாமல் போனவர். அவருடைய கடிதங்கள் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் பதினாறு தொகுதி இருக்கின்றன. 1586இல் மோன்தொபான் நகரில் ஆண்டனி மேல் ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டு வந்ததும், அந்தக் காலத்தில் அதற்கு மரண தண்டனை என்பதும், நவார் அரசர் ஹென்றி தலையிட்டுக் காப்பாற்றியதும் பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தில் புதைந்து கிடந்தன. தோண்டி எடுத்தது டு மாரியே. நாவல் எழுதுகிற அம்மாதானே என்று அதுவரை ஏளனமாகப் பார்த்த பேராசிரியர்களும் இதை மேற்கோள் காட்ட வேண்டியதாயிற்று. ஐந்தில் ஆராய்ச்சி என்ற அளவில் கெட்டியானது இதுதான்.

படிப்பதற்கு? பாதி சுவை, பாதி பாரம். சுவையான பாதி முழுக்க அவர்களுடைய அம்மா, லேடி ஆன் பேக்கன். லத்தீன் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெரும் படிப்பாளி. மகன்களுக்கு எழுதுகிற கடிதத்தில் நடுநடுவே லத்தீனும் கிரேக்கமும் வரும், ஆனால் விஷயம் என்னவோ நம் வீட்டு விஷயம்தான். ராத்திரி கண்முழிக்காதே, உன் தம்பி நேரங்கெட்ட நேரத்தில் தூங்குகிறான், அந்த வேலைக்காரனை முதலில் விரட்டு, நிலத்தை விற்று அவன் கடனை ஏன் நீ அடைக்கிறாய். நாற்பது வயதை நெருங்குகிற பிள்ளைகளுக்கு! கடைசியில் 1601இல் எசெக்ஸ் ராணிக்கு எதிராகக் கலகம் செய்து மாட்டுகிறார், அவருக்கு எதிராக வழக்காடியவர்களில் அவரிடம் உதவி வாங்கிய தம்பி பிரான்சிஸும் ஒருவர். அண்ணன் அதே வருஷம் மே மாதம் இறந்துபோகிறார். இந்த இடத்துக்கு வருவதற்கு நடுவில் யார் எந்தப் பிரபுவின் மச்சான் என்று நிறைய மனப்பாடம் செய்ய வேண்டும்.

‘தி வைண்டிங் ஸ்டேர்’ அதன் தொடர்ச்சி, பிரான்சிஸின் உயர்வும் வீழ்ச்சியும். 1618இல் நாட்டின் உச்ச நீதிப் பதவியான லார்ட் சான்ஸலர், 1621இல் லஞ்ச வழக்கு, 40,000 பவுண்ட் அபராதம், கோபுரச் சிறையில் சில நாள். எவ்வளவு பெரிய நாடகம். ஆனால் புத்தகத்தில் காற்றே இல்லை. நான் முன்பு சொன்ன காரணம்தான், பிரான்சிஸ் பேக்கன் வேஷம் போடுகிறவர் என்றாலும் அவர் தலைக்குள் நடப்பது தத்துவம், சட்டம், அரசியல், அதற்குள் இந்த அம்மாவால் நுழைய முடியவில்லை, வெளியே நின்று தேதி சொல்கிறார். அறுபது பக்கத்தில் நான் மூடி வைத்தது இதைத்தான். தலைப்பு பேக்கனின் சொந்தக் கட்டுரையிலிருந்து வந்தது, உயரமான இடத்துக்குப் போகிற வழியெல்லாம் வளைந்து போகும் படிக்கட்டுதான் என்பது பொருள், அதைப் பார்த்து மயங்கி வாங்கினேன்.

ஆகவே அண்ணன் மகளுக்கு நான் போட்ட பதில்: ‘ஜெரால்ட்’, பிரான்வெல், இந்த வரிசையில். அப்பாவின் புத்தகத்தை முதலில் படித்தால், அடுத்ததில் யார் மேல் இருக்கிற பயத்தையும் பாசத்தையும் பிரான்வெல் மேல் ஏற்றுகிறார் என்று புரியும். பிராண்ட்டி நாவல் ஒன்றாவது படித்திராதவர்கள் என்றால் பிரான்வெல்லைத் தள்ளிப் போட்டுவிட்டு ‘தி கிளாஸ்-ப்ளோயர்ஸ்’ எடுக்கலாம், நஷ்டமில்லை. எலிசபெத் காலத்து வரலாற்றில் ஏற்கெனவே ஊறியவர்கள் மட்டும் ‘கோல்டன் லேட்ஸ்’ பக்கம் போகட்டும். ‘தி டு மாரியேஸ்’ ரயில் பயணத்துக்கு நல்லது. எல்லாவற்றையும் விராகோ பதிப்பகம் 2000களில் மறுபதிப்பு போட்டிருக்கிறது, பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் மலிவு.

நேற்று ராத்திரி பதில் வந்தது. பிரான்வெல்லும் ‘தி கிளாஸ்-ப்ளோயர்ஸ்’சும் ஆர்டர் போட்டுவிட்டாளாம். அப்பா புக்கை அப்புறம் பார்த்துக்கறேன் என்று ஒரு சிரிப்பு பொம்மை. கீழே இன்னொரு மெசேஜ்: “சித்தப்பா, நம்ம இருபது வேலிக்குப் பத்திரம் எதுவும் இருக்கா?”

உங்க அப்பாகிட்ட கேளும்மா என்று போட்டிருக்கிறேன்.